பூவிருந்தவல்லிச் சாலையும் குதிரைக் கலையும்



நம் சங்கத்து அன்பர்தம் இல்லங்களில் விவாகம் நிகழுங்கால், மாப்பிள்ளையழைப்புக்கென்று வெள்ளைக் குதிரை பூட்டிய சாரட்டு ஒன்றை வாடகைக்கு அமர்த்துவது அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய இடங்களில் காணக்கூடிய வழக்கமே. மாப்பிள்ளை பட்டுடுத்து மாலை தரித்து வீற்றிருப்பார். குதிரையின் தலையிலும் குஞ்சம் ஆடும். ஆனால் அதன் கடிவாளத்தைப் பற்றி நடப்பவர் யாரென்று ஊர்வலத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அவ்விலங்கு தண்ணீர் கண்டு எத்தனை நாழிகை ஆயிற்று என்பதையும் கேட்பதில்லை. குதிரையைப் பற்றி நம்மவர்க்குள்ள அபிமானம் பெரும்பாலும் இவ்வளவினதே. 'எம் முன்னோர் புரவியேறிப் போர் புரிந்தவர்' என்றெழுதாத சாதிச் சரித்திரம் அரிது. ஏறியவர் ஒருவராயின், அப்புரவியைத் தேய்த்துக் கழுவிக் கொள்ளு வேகவைத்துக் குளம்பு பார்த்து நிறுத்தியவர் இருவரேனும் இருந்திருத்தல் வேண்டும். அவ்விருவர் எந்தக் குலத்துச் சரித்திரத்தில் இடம் பெற்றனர்? இதனை மனத்திற் கொண்டே, நாம் வாழும் இம்மேற்குப் பகுதியின் வழியாகக் குதிரையறிவு வந்த வரலாற்றையும், இன்று நம் வாலிபர் அதனைக் கற்றற்குள்ள வழியையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

குதிரை நம் நாட்டு விலங்கன்று. தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் அதன் இனப்பெருக்கத்துக்கு ஏற்றனவல்ல. ஆதலின் ஆதிகாலந்தொட்டே அது பெரிதும் வெளியிலிருந்து வந்த செல்வமாகவே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழியே வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை கூறுகின்றது. புறத்திணையிற் 'குதிரை மறம்' என்று ஒரு துறையே வகுத்தனர். குதிரையின் நடையை ஐந்தாகப் பிரித்து 'ஐங்கதி' என்றனர். இவற்றினும் நம் கருத்துக்கு இயைந்தது புறநானூற்றின் 299-ஆம் பாட்டாகும். பொன்முடியார் பாடிய அதில் இரு திறத்துக் குதிரைகள் வருகின்றன. ஒன்று, சிற்றூர் மன்னன் ஒருவனுடையது. உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது; ஆயினும் களத்திற் புகுந்தவுடன் கடல்நீரைக் கிழிக்கும் தோணி போலப் பகைப்படையைப் பிளந்து சென்றது. மற்றவை பெருவேந்தனுடையவை, நெய் பெய்த கவளம் உண்டு கொழுத்தவை. அவையோ அஞ்சி ஒதுங்கி நின்றன. தீனியின் செழுமையால் மட்டும் குதிரை குதிரையாகிவிடாது என்பதை இரண்டாயிரம் ஆண்டளவின் முன்னரே ஒரு புலவர் கண்டு சொன்னார். பின்வந்த வேந்தர் அதனைக் கருதியதாகத் தெரியவில்லை.

ஏனெனில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டில் நடந்த செய்தியைப் பாருங்கள். பாரசீக ஆசிரியராகிய வஸ்ஸாஃப் எழுதியுள்ள கணக்கின்படி, கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை மாபர் என்னும் பாண்டி நாட்டுக்கு அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். ஹோர்முஸ், பஹ்ரைன் முதலிய பிற துறைகளிலிருந்து வருவனவற்றையும் சேர்த்துப் பதினாயிரம் வரையில் வருமென்றும், குதிரையொன்றுக்கு 220 பொற்காசு விலையென்றும் அவர் கூறுகின்றார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுப்பதென்று ஏற்பாடு! வந்த குதிரைகளுக்கு யாது நேர்ந்தது? நாற்பது நாள் முளைகளில் இறுகக் கட்டி நிறுத்திக் கொழுக்க வைத்தனர். பிறகு முறையான பழக்கமின்றி வீரர்கள் ஏறி வெருட்டினர். சில காலத்துள் மிக்க வேகமும் வலிமையும் உடைய புரவிகளும் பயனற்று வீழ்ந்தன. அக்காலத்தே இந்நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும் இதனையே வேறு வகையாற் கூறுகின்றார். குதிரைக்கு மருத்துவம் செய்யவும் லாடம் அடிக்கவும் அறிந்தவர் இங்கில்லை. அத்தொழிலாளரை உடனழைத்து வர வணிகர்கள் விடுவதில்லை. குதிரைகள் ஆண்டுதோறும் சாகச் சாகத் தம் விற்பனை வளருமென்பதே அவர் எண்ணம். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்றும் அவர் எழுதுகின்றார். புல்லும் தானியமும் உண்ணும் விலங்கிற்கு இறைச்சியா என்று வியப்பு உண்டாகின்றது. அயல்நாட்டார் எழுதிய அனைத்தையும் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும் ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே குறையைச் சொல்லுங்கால் அதனை ஒதுக்குதல் நேர்மையன்று. பாண்டியர் கருவூலம் குதிரையை வாங்கிற்று, குதிரையறிவை வாங்கவில்லை. பொன் மேற்கே போயிற்று. எலும்பு இங்கே தங்கிற்று.

வடநாட்டு மரபில் அசுவ சாஸ்திரம் என்னும் நூல்வகை உண்டு. பாண்டவருள் நகுலன் பெயரால் வழங்கும் அத்தகையதொரு நூலின் ஏடு தஞ்சைச் சரசுவதி மகாலில் இருந்து அச்சேறியும் உள்ளது. குதிரையின் சுழி, நிறம், பல், வயது, நோய் முதலியவற்றை அவ்வகை நூல்கள் பேசுகின்றன. சுழி பார்த்து விலை பேசும் வழக்கம் நம் நாட்டுச் சந்தைகளில் இன்றும் உண்டு. நெற்றிச் சுழி ஒன்றாயின் இன்ன பலன், இரண்டாயின் இன்ன பலன் என்பார்கள். நாம் அதிற் சிரத்தை கொள்ளவில்லை. பல்லைப் பார்த்து வயதறிவது மெய்யான கல்வி. சுழியைப் பார்த்து யோகமறிவது அவ்வாறன்று.

செஞ்சித் தேசிங்கு ராஜனை அறியாத தமிழர் இல்லை. 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் பொருது, இருபத்திரண்டே வயதில் மாண்ட அவ்வாலிபனை நாட்டுப்பாடல் இன்றளவும் மறக்கவிடவில்லை. டில்லியில் எவரும் ஏறவியலாத முரட்டுக் குதிரையை அவன் இளமையில் ஏறி அடக்கினான் என்பது கதை. சரித்திரத்திற்கு அதனை நாம் சான்றாக்கவில்லை. ஆனால் அவனுடைய குதிரைக்கும் அவன் தோழன் முகம்மது கானுடைய குதிரைக்கும் மக்கள் பெயர் சூட்டிப் பாடி வந்திருக்கின்றனர். இக்கதையிற் குதிரையும் ஒரு பாத்திரம்.

இனி நம் பூவிருந்தவல்லிக்கு வருவோம். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த இவ்வூர், சென்னைக் கோட்டையிலிருந்து ஆர்க்காட்டுக்கும் காஞ்சிக்கும் மேற்கே செல்லும் பெருவழியில் முதலாவது பெரிய தங்குமிடமாக இருந்தது. மேற்கிலிருந்து ஒரு குதிரைப்படை சென்னையை நோக்கி வருமாயின் அதனை முதலிற் காண்பது இப்பக்கத்துச் சிற்றூர்களே. 1767-ஆம் ஆண்டு அது நேர்ந்தது. மைசூர் ஹைதர் அலியின் மகன் திப்பு, அப்பொழுது பதினாறு, பதினேழு வயதினன், ஒரு குதிரைப்படையை நடத்திக்கொண்டு சென்னையின் புறநகர்களிற் புகுந்து சூறையாடினான். தோட்ட மாளிகையில் தங்கியிருந்த கவர்னரும் அவர் சபையினரும் அருகிற் கிடைத்த படகில் ஏறித் தப்பினர் என்று எழுதியிருக்கின்றனர். ஒரு பள்ளி மாணவனுடைய வயது! அவ்வயதில் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பகைவர் நாட்டில் ஊடுருவ நடத்தித் திரும்ப மீட்டுக்கொண்டு போவதென்றால், அவன் குழந்தைப் பருவமுதல் லாயத்தில் வளர்ந்தவனாதல் வேண்டும். அவனுடைய கொள்ளையை நாம் புகழவில்லை. வெந்த குடிசைகள் நம் முன்னோருடையவை. அவன் பெற்ற பயிற்சியையே குறிக்கின்றோம்.

ஈராண்டு கழித்து, 1769 மார்ச்சு மாதத்தில், ஹைதரே வந்தார். பீரங்கியையும் மூட்டை முடிச்சுகளையும் காலாட்படையின் பெரும்பகுதியையும் வேறு வழியே அனுப்பிவிட்டு, தேர்ந்தெடுத்த 6000 குதிரைவீரரும் 200 காலாட்களுமாக 130 மைல் தூரத்தை மூன்றரை நாளிற் கடந்து பரங்கிமலையருகே வந்து நின்றார். நாளொன்றுக்கு முப்பத்தேழு மைலாயிற்று. அக்கால வழிகளில், வெயில் மிகுந்த பங்குனியில், ஆறாயிரம் குதிரைகளுக்கும் தண்ணீர் காட்டி, புல் தேடி, லாடம் கழன்றதைக் கண்டு, முதுகு புண்படாமற் சேணம் திருத்தி வந்து சேர்த்தார்கள் என்றால், அப்படையின் வெற்றி ஹைதருடைய மதியினால் மட்டும் ஆனதன்று. ஏப்ரல் முதல் வாரத்திற் கம்பெனியார் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1780-ல் மீண்டும் போர் மூண்டது. செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கருகே புள்ளலூரிற் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. நல்ல குதிரைப்படை இல்லாமையே தங்கள் பெருங்குறை என்பதைக் கம்பெனியார் இவ்வாறு அடிபட்டு உணர்ந்தனர். நவாபின் குதிரைப்படைகளைத் தம் வசமாக்கிச் சென்னை ராஜதானிக் குதிரைப்படையை வளர்த்தனர். இந்திய ராணுவத்தில் இன்றும் உள்ள 16-ஆம் இலகு குதிரைப்படை தன் தோற்றத்தை 1776-ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றது.

குதிரைப்படையின் வேகம் யாருக்கு உதவும் என்பது சேணத்தில் இருப்பவனைப் பொறுத்தது. 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் எழுந்தபொழுது, பதினாறு மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் அன்று காலையிலேயே வந்து சேர்ந்தமையால் அவ்வெழுச்சி ஒரே நாளில் இரத்தத்தில் ஒடுங்கிற்று. அன்று குதிரைகள் சில நாழிகை தாமதித்திருப்பின் சரித்திரம் எவ்வாறிருக்குமென்று நினையாதிருக்க முடியவில்லை.

சென்னைக் குதிரைப்படையில் குதிரையொன்றுக்கு ஒரு குதிரைக்காரரும் ஒரு புல்லறுப்பவரும் என்பது முறை. புல்லறுப்பவர் பலவிடத்துக் குதிரைக்காரரின் மனைவியே. அறுகம்புல்லை வேரோடு செதுக்கியெடுத்து, மண் போக அலசி, சுமையாகக் கட்டித் தலையில் வைத்து லாயத்துக்குக் கொணர்வது அவள் வேலை. படை நடந்தால் அவளும் நடப்பாள். தங்குமிடத்தில் வீரர் இளைப்பாறும் நேரத்தில் அவள் புல் தேடப் புறப்படுவாள். கொள்ளை வேகவைத்து ஆறவைத்துக் கொடுப்பது குதிரைக்காரர் பொறுப்பு. அது நன்கு வேகாதிருந்தால் வயிற்றில் ஊதிச் சூலை காணும். குதிரைக்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இயற்கையில் இல்லை. ஆகவே வயிற்றுநோய் அதற்கு யமன். ஒரு பானைக் கொள்ளில் ஒரு குதிரையின் உயிர் இருந்தது. ஆங்கிலேயர் இத்தானியத்துக்கே 'குதிரைப் பயறு' என்று தம் மொழியிற் பெயரிட்டனர். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் மருத்துவம் பேசியதை அவர்கள் குதிரை வழியாக அறிந்தனர் போலும்.

இக்குதிரைக்காரர் பெரும்பாலோர், சாதியமைப்பிற் கீழே தள்ளப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்கள். குதிரையேறி வீதியிற் செல்லும் உரிமை அவர்க்கு மறுக்கப்பட்டிருந்த ஊர்கள் பல. குதிரையை முற்றும் அறிந்தவன் அதன் முதுகில் அமரலாகாது. அறியாதவன் அமரலாம் என்பது எத்துணை விபரீதம்! தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மணமகன் குதிரையேறி ஊர்வலம் வந்தான் என்பதற்காகக் கலகம் விளைவதை வடநாட்டுச் செய்திகளில் இந்த நூற்றாண்டிலும் படிக்கின்றோம். குதிரைப் பெருமை பேசும் சாதிச் சங்கங்கள், நம்முடையது உட்பட, இதனையும் தம் இதழ்களில் அச்சிடுதல் தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் நாட்டிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்தன. அந்நாட்டின் பெயரால் அவற்றை 'வேலர்' என்றழைத்தனர். துறைமுகம் கட்டப்படுமுன், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கடலிலிறக்கி அலைகளினூடே நீந்தவிட்டுக் கரைசேர்ப்பதும் உண்டு. வாரக்கணக்கிற் கப்பலின் அடித்தளத்தில் நின்று கால் மரத்த குதிரை, வந்ததும் வராததுமாகச் சென்னையின் முரட்டலையில் நீந்தவேண்டியிருந்தது! ஓசூரில் 1824-ல் கம்பெனியார் ஒரு பெரும் பண்ணை நிறுவினர். அது படைக்குக் குதிரை வளர்ப்பதற்கே தோன்றிற்று. இன்று கால்நடைப் பண்ணையாக விளங்குகின்றது. நகரத்தினுள்ளே கவர்னரின் மெய்காவல் குதிரைப்படை 1778-ல் தோன்றி, 1947-ல் கலைக்கப்படும் வரையில், ஈட்டியும் தலைப்பாகையுமாக விழாக்களை அலங்கரித்தது. எழும்பூரில் லாயம் கொண்ட போலீசுக் குதிரைப்பிரிவு மெரீனாக் கடற்கரையிற் காவல் செல்வதை நேயர்களின் குழந்தைகள் கண்டிருப்பார்கள்.

குதிரைப்படையின் முடிவும் நம் பக்கத்திலேயே வந்து பொருந்தியது ஒரு வியப்பு. 1918 செப்டம்பர் 23-ஆம் நாள் பாலஸ்தீனத்து ஹைஃபா நகரை ஜோத்பூர், மைசூர் ஈட்டிப்படையினர் குதிரைமேற் பாய்ந்து பிடித்தனர். அதற்கு இருபதாண்டு கழித்து, 1938-ல், இந்தியக் குதிரைப்படைகள் குதிரையை விட்டு இயந்திர வண்டிக்கு மாறத் தொடங்கின. குதிரை போயிற்றாயினும் பெயர் போகவில்லை. 'குதிரை', 'ஈட்டியர்' என்னும் பொருள்படும் பழைய பெயர்களோடே அப்படைகள் இன்றும் டாங்கிகளில் ஏறுகின்றன. அந்த டாங்கிகள் எங்கே பிறக்கின்றன? 1961-ல் தொடங்கிய ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில். விஜயந்தா அங்கேதான் 1965-ல் முதலில் வெளிவந்தது. பின்னர் அஜேயாவும் பீஷ்மாவும் அர்ஜுனும் வந்தன. ஹைதரின் குதிரைகள் புழுதி கிளப்பிய இத்திசையில், குதிரையைப் பாசறையினின்று வெளியேற்றிய இரும்புப் புரவி உருவாகின்றது. அத்தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றோர் நம் சங்கத்திலும் இருக்கின்றனர். உண்மைக் குதிரையோடு முழுப்படையாக எஞ்சியது, பழைய சமஸ்தானக் குதிரைப்படைகளைத் திரட்டி 1953-ல் அமைத்த 61-ஆம் குதிரைப்படை ஒன்றே. மைசூர் ஈட்டிப்படையின் மரபும் அதனுள் அடங்கிற்று.

அவ்வாறாயின் இக்கலை நம் பிள்ளைகளுக்கு எட்டாததோ என்று கேட்கலாம். செல்வர் பிள்ளைகள் சவாரிக் கழகங்களிற் பணம் கட்டிப் பயில்கின்றனர். அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் நடுத்தரக் குடும்பத்து மாணவர்க்கு வேறொரு வாயில் உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. 1948-ல் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையிற் கால்தரை, கப்பல், வான் பிரிவுகளை எல்லோரும் அறிவர். அதில் குதிரை மற்றும் கால்நடைப் பிரிவு என்று ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் அது வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அமைந்திருக்கின்றது. 1903-ல் டாபின் ஹால் என்னும் வாடகை மாளிகையில் இருபது மாணவரோடு தொடங்கிய கல்லூரி அது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் கிழக்குக் கோடிக்கு அருகே உள்ளது. நம் பகுதியிலிருந்து நேர்வழி. மாணவர் அங்கே குதிரையேறப் பழகுவதோடு, அதனைப் பேணவும் பழகுகின்றனர். தில்லியிற் குடியரசு தினத்தையொட்டி நடக்கும் முகாமில் இப்பிரிவினரின் குதிரையேற்றப் போட்டிகள் நிகழ்வது வழக்கம்.

பயிற்சியின் ஒழுங்கை அறியாத பெற்றோர் முதல்நாளே பிள்ளை குதிரைமேற் பறப்பான் என்று எதிர்பார்க்கின்றனர். அது நடவாது. முதலிற் குதிரையை அணுகக் கற்பிப்பார்கள். பின்புறமாகப் போகலாகாது, இடத்தோளின் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு, கையை மெல்ல நீட்டிப் போகவேண்டும். காது பின்னே மடிந்தால் சினம். முன்னே நிமிர்ந்தால் கவனம். பிறகு தலைக்கயிறு பிடித்து நடத்துதல், குளம்பு தூக்கிக் கல்லும் சாணமும் அகற்றுதல், சேணம் பூட்டுதல். அப்பால்தான் ஏறுதல். அப்பொழுதும் ஆசிரியர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்துவார். அங்கவடியில்லாமலே பல நாள் அமரச் செய்வார். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கி நிலைகொள்பவன் குதிரையின் வாயைப் புண்ணாக்குகின்றான். இடுப்பாலும் தொடையாலும் நிலைகொள்ளக் கற்றபின்பே கடிவாளம் கைக்கு வரும். முதல் மாதத்திலேயே நின்றுவிடும் பிள்ளைகள் பெரும்பாலும் விழுந்ததனால் நிற்பதில்லை. சாணம் அள்ளச் சொன்னதனால் நின்றவரே மிகுதி. வீட்டில் தாம் உண்ட தட்டைத் தாமே எடுக்காத பிள்ளை லாயத்திற் படும் பாடு சொல்லுந்தரமன்று.

குதிரையை விழாவுக்கோ போட்டிக்கோ சித்தம் செய்வது பல வாரத்து வேலை. ஒருநாட் குளிப்பாட்டலால் பளபளப்பு வராது. தினமும் கரடுமுரடான தேய்ப்பானால் வட்டமாகத் தேய்த்து அழுக்கையும் உதிர்ந்த மயிரையும் மேலே கொணர்ந்து, பிரஷால் மயிர் சாய்ந்த திசையில் நீக்கினால், தோலிலுள்ள இயற்கை எண்ணெயே மெருகாகப் படரும். எலும்பு துருத்திய இடங்களிலும் முகத்திலும் கடினமான கருவி படலாகாது. கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு பஞ்சு, வாலடிக்கு வேறு பஞ்சு. வாலைச் சீப்பால் இழுத்தால் மயிர் அறும். விரலாற் சிக்கெடுத்தல் நன்று. லாடம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கொருமுறை மாற்றவேண்டியது. போட்டியின் முதல்நாளன்று மாற்றுவது அறிவீனம், ஆணி சற்றே உள்ளே இறங்கியிருந்தாலும் குதிரை நொண்டும். ஆகவே ஒரு வாரம் முன்னரே முடித்துவிடுவர். தீனியைத் திடீரென்று கூட்டுவதும் மாற்றுவதும் ஆகா. நம் சென்னை வெயிலிற் பயிற்சியெல்லாம் விடியற்காலையிலேயே முடிதல் வேண்டும்.

போட்டியின் முந்திய நாள் பிடரி மயிரைச் சிறுசிறு பின்னல்களாகப் பின்னி மடித்துக் கட்டுவர். கழுத்தின் வளைவு நடுவர் கண்ணுக்கு நன்கு தோன்றுதற்காக. தோற்கருவிகளைச் சவுக்காரமிட்டுத் துடைப்பர். சேணத்தின் மேற்புறத்தைத் துடைத்துவிட்டு அடிப்புறத்தை விட்டுவிடும் மாணவர் உண்டு. தேர்ந்த நடுவர் அடிப்புறத்தையே முதலிற் புரட்டிப் பார்ப்பார், ஏனெனில் குதிரையின் முதுகில் படுவது அதுதான். நீண்ட போட்டிகளில் மருத்துவர் முன்னிலையில் கெட்டியான தரையில் நேராக ஓட்டிக் காட்டவேண்டும். நொண்டல் சிறிதிருந்தாலும் அக்குதிரை விலக்கப்படும். எத்தனை மாதத்து உழைப்பாயினும் அவ்விடத்தில் முறையீட்டுக்கு இடமில்லை. நாம் மிக மதிக்கும் விதி இது.

போட்டிகள் பலவகை. கூடாரமுளை பிடுங்குதல் நம் நாட்டுப் படைகளில் நெடுநாள் வழங்கி வருவது. நாலுகால் பாய்ச்சலில் வந்து தரையில் நட்ட முளையை ஈட்டியாற் குத்தியெடுப்பது. தடை தாண்டலில் கட்டை ஒன்று வீழ்ந்தால் நான்கு குற்றப்புள்ளி. 'டிரெசாஜ்' என்னும் நடைப்போட்டியே மிக நுண்ணியது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், குறித்த இடங்களிற் குறித்த நடைகளைக் குதிரை நடந்து காட்டவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண். ஏறியவர் ஏவுவது பார்ப்போர்க்குத் தெரியலாகாது. நம் ஐங்கதி இங்கே நினைவுக்கு வருகின்றது.

1982 தில்லி ஆசிய விளையாட்டில் இந்தியர் குதிரையேற்றத்தில் மூன்று தங்கம் வென்றனர். ரகுபீர் சிங் அவருள் ஒருவர். அவர்கள் படைவீரர். பின் நாற்பத்தோராண்டு தங்கம் வரவில்லை. பெங்களூரு பவாத் மிர்சா 2018-ல் வெள்ளி வென்று, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஏறினார். 2023 செப்டம்பரிற் சீனத்து ஹாங்சோவில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா என்னும் நால்வர் நடைப்போட்டியில் அணித்தங்கம் வென்றனர். இருவர் ஆடவர், இருவர் பெண்கள். சுதிப்திக்கு வயது இருபத்தொன்று. குதிரையேற்றத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே களத்தில் ஒரே விதியிற் போட்டியிடுகின்றனர் என்பதைப் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கவனிப்பாராக.

ஆயினும் ஒன்று மறைக்கலாகாது. அந்நால்வரும் ஐரோப்பாவிற் சென்று, ஐரோப்பியக் குதிரைகளிலேயே பயின்றனர். நோய்த்தடை விதிகளால் இந்தியக் குதிரைகளை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுசெல்வது நெடுங்காலமாக அரிதாயிருந்தது. 2025-ல் மீரட்டிலுள்ள ராணுவக் குதிரை நிலையத்தை நோயற்ற பகுதியென்று உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. வழி சிறிது திறந்திருக்கின்றது. குதிரையை விலைக்கு வாங்கி அறிவை வெளியிலிருந்து பெற்ற பாண்டி நாட்டு நிலைமைக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிதன்று. ஆனால் இம்முறை அறிவைத் தேடிச் சென்றது நம்மவரே.

வேப்பேரிப் பயிற்சியை நாடும் மாணவர் கால்நடை மருத்துவப் படிப்பையும் கருதுவது நலம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளைகள் மனித மருத்துவம் கிடைக்கவில்லையென்று வருந்தியிருப்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம். பேசாத உயிரின் நாடியைப் பார்க்கக் கற்பது தாழ்ந்த படிப்பன்று. அமைதியாய் நிற்கும் குதிரையின் நாடி நிமிஷத்துக்கு ஏறக்குறைய முப்பது முதல் நாற்பது; தாடையின் உட்புறத்தில் விரல் வைத்து அறியலாம். லாடம் அடிக்கும் தொழிலும் அருகி வருகின்றது. அதில் தேர்ந்தவர்க்கு வேலையில்லாமற் போகாது. அத்தொழில் நம் சாதிக்குரியதன்று என்று எவரேனும் சொல்வராயின், மார்க்கோ போலோ காலத்தில் அதனை அறிந்தவர் எந்தச் சாதியிலும் இல்லாமையாலேயே குதிரைகள் மாண்டன என்று அவருக்குச் சொல்வோம்.

போட்டி முடிந்தபின் செய்யவேண்டியதையும் சொல்லி நிறுத்துகின்றோம், ஏனெனிற் பரிசு வாங்கிய மகிழ்ச்சியில் மாணவர் மறப்பது இதனையே. இறங்கியவுடன் வயிற்றுவாரைத் தளர்த்துதல் வேண்டும். மூச்சு ஒடுங்கும் வரையில் நிழலில் நடத்துதல் வேண்டும். உடல் சூடு தணியுமுன் நீர் காட்டலாகாது என்று பழைய குதிரைக்காரர் சொல்வர். இக்கால ஆராய்ச்சி அதனை மறுத்து, தாகத்துக்கு நீர் கொடுப்பதே நன்றென்கின்றது. சேணத்தடியில் வேர்த்த இடத்தை நீரால் துடைத்து, நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்து, கால்களைக் கையால் தடவி எங்கேனும் சூடோ வீக்கமோ உண்டா என்று சோதித்து, பின்னலை அவிழ்த்து, உலர்ந்த புல் வைத்து லாயத்தில் விடவேண்டும். குதிரை புல்லில் வாய்வைத்து மெல்லத் தொடங்கியதைக் கண்ட பின்னரே, ஏறியவர் தம் உணவுக்குச் செல்வது நல்ல லாயங்களின் வழக்கம்.